வேலூர்ல சூரியன் சாயறத எங்க நின்னு பாக்கறது?

கும்பகோணம் பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி கேட்டிருக்காரு. அம்மாவ சிஎம்சி ஆஸ்பத்திரில காட்ட வந்து பத்து நாள் ஆச்சாம், இன்னும் மூணு வாரம் இருக்க சொல்லிட்டாங்களாம், காலைல இருந்து ஓபி, டெஸ்ட்டு, ரிப்போர்ட்டுன்னு ஓடிடுது, சாயங்காலம் ஆனா லாட்ஜ் ரூம்ல நாலு செவுத்த பாத்துனு உக்கார முடியல, "சன்செட் பாக்க இங்க நல்ல இடம் எதுனா இருக்கா, கடல் இல்லாத ஊராச்சே"ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு ஒருத்தர் ஏலகிரி போங்கன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயிட்டாரு. அம்மாவ ரூம்ல விட்டுட்டு யாருங்க ஏலகிரி போவாங்க, போயிட்டு வரவே ஒரு நாள் ஆயிடும்.

நான் பொறந்தது வளந்தது எல்லாம் இதே ஊர் தான், இருவது வருஷத்துக்கு மேல கல்யாண போட்டோ எடுக்கறேன், சாயங்கால வெளிச்சத்த துரத்தினு ஓடறது தான் பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டி தான் சொல்லுவேன், ஒரு டீ வாங்கி வெச்சுக்கங்க.

மொதல்ல கடல் விஷயம். உங்க ஊர் பக்கம் இருக்கற நாகப்பட்டினம், தரங்கம்பாடி கடல்லயும் சூரியன் உதிக்கறது தான் தண்ணில, சாயறது உங்க முதுகுக்குப் பின்னால வீடு, தென்னமரத்துக்கு அந்தாண்ட. சென்னை மெரினாவும் அதே கதை தான். அதனால கடல் இல்லன்னு வேலூர குறைச்சு பேசாதீங்க, சாயற சூரியனுக்கு எங்க ஊர் மெரினாவ விட ஒசத்தி.

எங்க ஊர பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, கேட்டிருப்பீங்க. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. சாமி 1981லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு திரும்பி வந்துட்டாரு, அந்த ஒண்ண அடிச்சிடுங்க. மிச்சம் மூணும் இன்னும் அப்படியே தான் கீது, ஆனா சன்செட் பாக்க வரவங்களுக்கு அந்த மூணு தான் வேணும். தண்ணி இல்லாத ஆறுன்னா மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத நீட்டு வெட்டவெளி, மரம் இல்லாத மலைன்னா உச்சில நின்னா நாலு பக்கமும் தெறந்து கெடக்கும், ராஜா இல்லாத கோட்டைன்னா யார் வேணா போலாம்.

இப்போ முக்கியமான ஒண்ணு. இந்த ஊர்ல சுத்தி சுத்தி மலை, அதனால இடம் பேர கேட்டுனு போறத விட அங்க மலை எந்தப் பக்கம் கீதுன்னு கேட்டுனு போங்க. மலை உங்களுக்கு மேக்கால இருந்தா ஆறு மணி சூரியன் அஞ்சரைக்கே காணாம போயிடும், அதே மலை உங்க முதுகுக்குப் பின்னால கெழக்கால இருந்தா கடைசி நிமிஷம் வரைக்கும் உங்களுக்கு தான். கைய நேரா நீட்டி முஷ்டிய மடக்கினா அது சுமாரா 10 டிகிரி. சூரியனுக்கும் மலை விளிம்புக்கும் நடுவுல ஒரு முஷ்டி எடம் இருந்தா இன்னும் 40 நிமிஷம் கீதுன்னு அர்த்தம், அரை முஷ்டின்னா 20 நிமிஷம். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு கிட்ட இருக்கறதால சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்கும், அதான் இந்த கணக்கு ஒழுங்கா வருது, அதான் சாஞ்ச உடனே பட்டுனு இருட்டியும் போயிடுது. நான் மண்டபத்துல இருந்து பொண்ணு மாப்பிள்ளைய இட்டுனு போறப்ப இந்த முஷ்டி கணக்கு வெச்சு தான் மேக்கப் பொண்ண அவசரப்படுத்துவேன்.

நேரம் கேட்டீங்கன்னா, வருஷத்துலயே சீக்கிரமா சாயறது நவம்பர் கடைசில, 5.45க்கு கொஞ்சம் முன்ன பின்ன. லேட்டா சாயறது ஜூலை மொத வாரத்துல, 6.45 கிட்ட போகும். நெறைய பேர் டிசம்பர் 21 தான் சீக்கிரம் இருட்டற நாள்னு நெனைப்பாங்க, இல்ல, பகல் சின்னதா இருக்கறது அன்னிக்கு தான், ஆனா சாயற நேரம் அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே திரும்பிடும், பொங்கல் வரதுக்குள்ள ஆறு மணிய தாண்டிடும். சென்னைக்கு போட்டிருக்கற நேரத்தோட ஒரு நாலு அஞ்சு நிமிஷம் சேத்துக்கங்க, வேலூர் அவ்ளோ மேக்கால கீது. இன்னொண்ணு, சூரியன் ஒரே இடத்துல சாயாது, ஜூன்ல நேர் மேக்குல இருந்து 24 டிகிரி வடக்க, டிசம்பர்ல 24 டிகிரி தெக்க, ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு முஷ்டி தூரம். அதனால ஒருத்தன் "இந்த இடம் சூப்பர்"னு மார்கழில சொன்னத நம்பி ஆனில போய் நின்னா பாதி நேரம் ஏமாறுவீங்க.

சரி, இடத்துக்கு வரேன். உங்க நெலமைக்கு மொத இடம் லாட்ஜ் மொட்ட மாடி தான், சிரிக்காதீங்க. சிஎம்சிய சுத்தி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டை பக்கம் இருக்கற லாட்ஜுங்க எல்லாம் கிழக்கு மலைக்கு அடில தான் உக்காந்துனு கீது, அதாவது மலை உங்க முதுகுக்கு, மேக்க முழுசா ஊரு. மேனேஜர் கிட்ட நல்லா கேட்டா மேல விடுவாங்க, துணி காயப்போடறேன்னு சொன்னா இன்னும் ஈஸியா விடுவாங்க. மேல போனா பெங்காலி, அசாமி, தெலுங்கு, எல்லா பாஷையும் கேக்கும், எல்லாரும் உங்கள மாதிரி யாரையாவது இட்டுனு வந்தவங்க தான், போன்ல வீட்டுக்கு ரிப்போர்ட் சொல்லினு நடந்துனு இருப்பாங்க. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க, சூரியன் சாயற கடைசி பத்து நிமிஷம் திரும்பி மலைய பாருங்க. மரம் இல்லாத பாற மலை அது, அந்த வெளிச்சம் பட்டா பாற முழுக்க செங்கல் சூளை மாதிரி செவந்து நிக்கும், அப்புறம் கீழ இருந்து நெழல் ஒவ்வொரு பாறையா ஏறி ஏறி கடைசில உச்சி மட்டும் ஒரு நிமிஷம் எரியும், அப்புறம் அணைஞ்சிடும். நான் பாத்த வரைக்கும் வேலூர் சன்செட்ல பாதி கிழக்க தான் நடக்குது.

அடுத்தது கோட்டை, சிஎம்சில இருந்து நடந்தே போலாம். 16ஆம் நூற்றாண்டு விஜயநகர காலத்து கருங்கல் கோட்டை, 133 ஏக்கர், சுத்தி அகழி. அதுக்கு வாசல் கிழக்க பாத்து கீது, அதனால வெளிய ஊர் பக்கம் அகழிக்கு இந்தாண்ட நின்னா சூரியன் கோட்டைக்குப் பின்னால தான் இறங்கும், மதில் கருப்பா, தண்ணி தங்கமா, நடுவுல ஜலகண்டேஸ்வரர் கோபுரம் ஒரு நெழலா தெரியும். ஆனா மதில் ஒசரம் இருக்கறதால சூரியன் சீக்கிரமே மறைஞ்சிடும், போன் காட்டற நேரத்துக்கு அரை மணி முன்னாடியே அங்க இருக்கணும். காத்து இல்லாத நாள்னா அகழி கண்ணாடி மாதிரி நிக்கும், அப்போ போட்டோ எடுத்தா நேரா எடுத்தியா தலைகீழா எடுத்தியான்னு சந்தேகம் வரும். உள்ள போய் மதில் மேல விடற இடங்கள்ல நின்னு பாத்தாலும் நல்லா தான் இருக்கும், ஆனா இது தொல்லியல் துறை இடம், பொழுது சாஞ்சா விசில் ஊதி வெளிய அனுப்பிடுவாங்க, ஸ்டாண்டு கீண்டு போட்டு பெரிய கேமரா வெச்சா பர்மிஷன் எங்கன்னு கேப்பாங்க. போன்ல எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாவால நடக்க முடிஞ்சா இட்டுனு போக இது தான் நல்ல இடம், வெளிய பூங்கால உக்கார எடம் கீது, சுண்டல், மசாலா பொரி கிடைக்கும்.

மூணாவது, நான் அதிகமா போறது, பாலாத்து பாலம். வேலூர்ல இருந்து காட்பாடி போறப்ப விருதம்பட்டுக்கு முன்னாடி வருதே அது. பாலம் தெக்கு வடக்கா போகுது, ஆறு மேக்குல இருந்து வருது, அப்போ நடு பாலத்துல நின்னு மேக்க பாத்தா ஆத்தோட முழு அகலமும் உங்களுக்கு தெறந்து கெடக்கும், ரெண்டு பக்கமும் தூரத்துல மலை, நடுவுல மட்டும் வழி விட்ட மாதிரி. அந்த ஆறு நேர் மேக்குல இருந்து வரல, பள்ளிகொண்டா பக்கத்துல இருந்து கொஞ்சம் தெக்க சாஞ்சு வருது, அதனால ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் சூரியன் ஆத்து மேலயே இறங்கற மாதிரி இருக்கும், சித்திரைக்கு அப்புறம் வடக்கு கரைல வீடுங்க, மரத்துக்குப் பின்னால ஒதுங்கிடும். தம்பி நீங்க எந்த மாசத்துல படிக்கறீங்களோ அத பாத்து முடிவு பண்ணிக்கங்க.

பாலாறு கர்நாடகால நந்தி மலைல பொறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் கிட்ட கடல்ல சேர்ற ஆறு, ஓடின்னு சொல்றது ஒரு மரியாதைக்கு தான். வருஷத்துல முக்கால்வாசி நாள் மணலும் கருவேல முள்ளும் தான், மணலும் அள்ள அள்ள இப்போ பழைய மாதிரி இல்ல, நாங்க சின்ன புள்ளையா இருந்தப்ப மேல வந்து விளையாடின மணல் மேடு எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ஆனா 2021 நவம்பர்ல ரெண்டு கரையையும் தொட்டுனு ஓடிச்சு பாருங்க, ஊரே பாலத்துல வந்து நின்னுது, கெழவிங்க எல்லாம் பூ போட்டு கும்பிட்டாங்க. வெள்ளம் கொஞ்சம் தணிஞ்சப்புறம் ஒரு சாயங்காலம் மழை விட்டு மேக்க மட்டும் மேகம் கிழிஞ்சு சூரியன் வந்துது, ஆறு முழுக்க காவி கலர் தண்ணி, அது மேல அந்த வெளிச்சம், எனக்கு கேமரா எடுக்கவே தோணல, நான் இதுவரைக்கும் எடுக்காம விட்ட போட்டோல அது தான் பெருசு. எங்க அப்பா பக்கத்துல நின்னுனு இருந்தாரு, "இத பாக்க இன்னும் எத்தினி வருஷமோ"ன்னு மட்டும் சொன்னாரு. வத்தி போன ஆறும் நல்லா தான் இருக்கும், மணல்ல அங்கங்க ஒரு குட்டை நிக்கும், ஒவ்வொரு குட்டைலயும் ஒரு சூரியன், கொக்கு கூட்டமா திரும்பும். ஒரே பிரச்சனை, பாலத்துல வண்டி நிறுத்தாதீங்க, சாயங்காலம் பஸ்ஸும் லாரியும் காலேஜ் பசங்க பைக்கும் பறக்கும். விருதம்பட்டு பக்கம் ஆட்டோல எறங்கி ஓரமா நடந்து வாங்க, செல்ஃபிக்கு கைப்பிடி மேல ஏறாதீங்க, அவ்ளோ தான்.

நாலாவது, உண்மைய சொன்னா இது தான் முதலாவது, ஆனா உங்களுக்கு சொல்ல கொஞ்சம் பயமா இருக்கறதால தள்ளி வெச்சேன். ஊருக்கு கெழக்கால நான் மேல சொன்ன மலைங்க உச்சில பழைய மலைக்கோட்டைங்க கீது, சஜ்ஜாரா, குஜ்ஜாரா, முர்தசான்னு மூணு பேர் சொல்லுவாங்க, இடிஞ்ச மதில், கல்லு படி. 1677-78ல சிவாஜி படை வேலூர் கோட்டைய சுத்தி வளைச்சப்ப இந்த மலைல எடம் புடிச்சு தான் கோட்டைக்குள்ள குண்டு போட்டாங்க. பீரங்கி வெக்கறவன் எந்த இடத்த தேடுவான், கோட்டை முழுசா, மறைப்பே இல்லாம, உள்ளங்கை மாதிரி தெரியற இடத்த தானே? நமக்கும் அதே தான் வேணும். அந்த மேட்டுல மேக்க பாத்து உக்காந்தா கீழ ஊரு, நடுவுல சதுரமா கோட்டை, அகழி ஒரு வெள்ளி நூலு, அந்தாண்ட பாலாறு, அதுக்கு மேல சூரியன். நாலு பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் பஸ் ஹாரனும் சேந்து மேல ஏறி வரும், எல்லாம் ஒரே சத்தமா, தூரத்து சத்தமா.

இதுல பயம் எங்கன்னா, ஏறறது இல்ல, எறங்கறது. சூரியன பாத்துட்டு எறங்கினா இருட்டுல தான் எறங்கணும். நாங்க நாலு பேர் கல்யாணம் ஆகாத வயசுல போனோம், ஒருத்தன் "இன்னும் அஞ்சு நிமிஷம் டா, கலர் இப்போ தான் வருது"ன்னு சொல்லி சொல்லியே ஏழு மணி ஆக்கிட்டான், கைல இருந்தது ஒரே ஒரு நோக்கியா 1100, அதுல இருக்கற டார்ச் வெளிச்சம் ஒரு செருப்பு அகலம் தான் காட்டும். ஒருத்தன் வார் அறுந்து ஒரு கால் செருப்போட எறங்கினான், இன்னொருத்தன் எத மிதிச்சான்னு தெரியல, பாம்பு பாம்புன்னு கத்தி எல்லாரையும் பத்து படி தள்ளி விட்டான், கீழ வந்து பாத்தா அவன் மிதிச்சது அறுந்த அந்த செருப்பு வாரு. சிரிப்பு தான், ஆனா பாற வழுக்கி கால் ஒடைஞ்சிருந்தா சிரிப்பு வந்திருக்காது. அதனால தனியா போகாதீங்க, லோக்கல் ஆளு ஒருத்தர் கூட போங்க, நல்ல டார்ச், தண்ணி, ஷூ. சூரியன் மலை விளிம்ப தொட்டதும் எழுந்துடுங்க, மிச்ச கலர எறங்கினே பாக்கலாம். அம்மா ட்ரீட்மெண்ட்ல இருக்கறப்ப நீங்க கால ஒடைச்சுனு படுத்தா ரெண்டு பேருக்கும் அட்டெண்டர் யாரு? பாதி மலை ஏறினாலே போதும், முக்கால்வாசி காட்சி கெடச்சிடும்.

இதே மலைக்கு அந்தாண்ட பக்கம் சத்துவாச்சாரில மலை அடில குடி இருக்கறவங்கள கேட்டு பாருங்க, மார்கழில அவங்களுக்கு சன்செட்டே கெடையாது, தென்மேக்க இறங்கற சூரியன மலை முன்னாடியே முழுங்கிடும். ஒரே மலை தான், இந்தாண்ட இருந்தா சீட்டு, அந்தாண்ட இருந்தா செவுரு. பாகாயம், ஓட்டேரி பக்கமும் மலை கிட்ட வந்துடும், அங்க நின்னு பாக்கறதுன்னா எந்தப் பக்கம் மலை கீதுன்னு பாத்துட்டு நில்லுங்க.

ஏரிங்கள யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, ஏன்னு தெரியல. நம்ம வட ஆற்காடு பூமி பொதுவா மேக்க ஒசரம், கெழக்க தாழ்வு, தண்ணி மேக்குல இருந்து வரும், அத தடுக்க கரைய கெழக்கால போடுவாங்க. அப்போ ஏரிக் கரைல நின்னா தண்ணி பெரும்பாலும் உங்களுக்கு மேக்க தான். அந்த காலத்துல யாரும் சன்செட்டுக்காக ஏரி வெட்டல, ஆனா வெட்டினது அப்படி அமைஞ்சு போச்சு. காட்பாடி பக்கம் கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி ரெண்டும் கிட்ட, சாயங்காலம் வாக்கிங் போறவங்க இருப்பாங்க, பயம் இல்ல. டவுன் பக்கம் சதுப்பேரி பெருசு, மழைக்கு அப்புறம் தண்ணி நிக்கறப்ப பாக்க அழகு, ஆனா குப்ப நாத்தம் எந்த பக்கம் காத்து அடிக்குதுன்னு பாத்து நிக்கணும், எங்க ஊர நானே விட்டுக் கொடுக்கறேன். நேரம் இருந்து பைக்கும் இருந்தா சென்னை ரோடு புடிச்சு காவேரிப்பாக்கம் போங்க, 40 கிலோமீட்டர் வரும், பல்லவ ராஜா நந்திவர்மன் காலத்து ஏரி, பழைய வேலூர் மாவட்டத்துலயே பெருசுன்னு சொல்ற அளவு, நெறஞ்ச வருஷம் கரைல நின்னா அந்தாண்ட கரை தெரியாது. கடல்ல சூரியன் சாயற ஆசை இருக்கறவங்களுக்கு வட ஆற்காட்டுல அது தான் கடல்.

மலைக் கோயில்ல எது நல்லதுன்னா, இரத்தினகிரி. சென்னை பெங்களூர் ரோட்ல ஆற்காட்டுக்கு கொஞ்சம் முன்னாடி, வேலூர்ல இருந்து 15 கிலோமீட்டர் போல, பாலமுருகன் கோயில், அருணகிரிநாதர் பாடின தலம், மேல வரைக்கும் வண்டி போகும், அதனால அம்மாவையும் கூட்டினு போலாம். அங்க இருந்து மேக்க பாத்தா ஹைவே ஒரு வெளிச்ச கோடு மாதிரி வேலூர் மலைங்க பக்கம் போகும், சூரியன் அந்த மலைங்க மேல எறங்கும், கீழ லாரி லைட்டுங்க ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிக்கும். புதுவசூர் தீர்த்தகிரில பெரிய முருகர் சிலை நிக்கற மலையும் கிட்ட தான், ஹைவேல போறப்பவே தெரியும். வள்ளிமலை 25 கிலோமீட்டர், வள்ளி தினைப்புனம் காத்த மலைன்னு சொல்றது, பாறைல சமணர் சிற்பம் எல்லாம் கீது, ஆனா படி ஏறணும், திரும்ப வர பஸ் பாத்துக்கணும், உங்களுக்கு இந்த தடவ வேணாம். சோளிங்கர் 1305 படி, இப்போ ரோப் கார் வந்துடுச்சு, அது சாமி கும்பிட போங்க, சன்செட்டுக்கு டைம் ஒத்து வராது.

ஸ்ரீபுரம் கோல்டன் டெம்பிள் பத்தி கேப்பீங்க, லாட்ஜ்ல எல்லாரும் அத தான் சொல்லுவாங்க. 2007ல கட்டி முடிச்சது, போய் பாருங்க, சாயங்கால வெயில் பட்டு தங்கம் மின்னறதும் அப்புறம் லைட் போட்டதும் அழகு தான். ஆனா அது தங்கத்த பாக்கற இடம், வானத்த பாக்கற இடம் இல்ல, மலை அடில கீது, நட்சத்திர வடிவ பாதைல சுத்தி சுத்தி போறப்ப சூரியன் எந்த பக்கம் போச்சுன்னே தெரியாது, போனும் உள்ள விட மாட்டாங்க.

இதுக்கு பதிலா ஒரு நாள் டெஸ்ட் எதுவும் இல்லாத நாள் பாத்து மத்தியானமே விரிஞ்சிபுரம் போங்க, மார்க்கபந்தீஸ்வரர் கோயில், பெங்களூர் ரோட்ல பத்து பதினஞ்சு கிலோமீட்டர். "திருவிரிஞ்சை மதிலழகு"ன்னு பழமொழியே உண்டு, அந்த மதில மத்தியானம் சாயற வெயில்ல பாக்கணும், கல்லோட ஒவ்வொரு கொத்தும் தெரியும். உள்ள பிரகாரத்துல நேரம் காட்டற கல்லு ஒண்ணு கீது, அரை வட்டமா எண்ணு வெட்டியிருக்கும், மேல இருக்கற பள்ளத்துல ஒரு குச்சிய வெச்சா நெழல் எந்த எண்ணு மேல விழுதோ அது தான் மணி. வெச்சு பாத்துட்டு உடனே போன பாத்து தப்பா காட்டுதுன்னு சொல்லிடாதீங்க. நம்ம போன்ல ஓடறது 82.5 டிகிரி தீர்க்கரேகை நேரம், அது இங்க இருந்து கெழக்க, வேலூர் 79 டிகிரி தாண்டி கொஞ்சம், ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னு போட்டா நம்ம ஊர் சூரியன் 13, 14 நிமிஷம் பின்னாடி தான் வரும், அது போக மாசத்துக்கு மாசம் ஒரு கால் மணி வரைக்கும் முன்ன பின்ன ஆகும். அதாவது கல்லு சொல்றது இந்த ஊர் நேரம், போன் சொல்றது நாட்டு நேரம். என் பையன் ஆறாவது படிக்கறப்ப இத காட்டினேன், "அப்போ நம்ம ஸ்கூல் பெல்லு பதிமூணு நிமிஷம் முன்னாடியே அடிக்குதா பா"ன்னு கேட்டான், அதுக்கு மேல அவன் எதையும் கேட்டுக்கல. நாலரை அஞ்சு மணிக்கு அந்த நெழல் நீளமாகி மங்கினு போறத பாத்துட்டு வெளிய வந்தா பாலாறு கிட்டயே, அங்க கரைல நின்னு மிச்சத்த பாத்துட்டு பஸ் ஏறிடலாம்.

ஏலகிரி, ஜவ்வாது மலை எல்லாம் தப்பான இடம்னு சொல்லல. ஏலகிரி 14 கொண்டை ஊசி, மேல ஏறறப்பவே வளைவுல நின்னு வாணியம்பாடி பக்கம் பாத்தா நல்லா தான் இருக்கும். ஜவ்வாது மலைல காவலூர் கிட்ட வைணு பாப்பு வானாய்வகம் கீது, 2.34 மீட்டர் தொலைநோக்கி, அங்க போறவங்களுக்கு சூரியன் சாயறது தான் ஆரம்பமே. அது ஒரு நாள் டூர், அம்மா குணமாகி ஊருக்கு போறப்ப பாத்துக்கலாம்.

எந்த நாள் போறதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா இடத்த விட அது முக்கியம். கத்திரி வெயில் நாள்ல வானம் வெறும் தூசி, வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருக்கும், சூரியன் கீழ வரதுக்குள்ளயே மங்கி ஒரு மஞ்ச வட்டமா கரைஞ்சு போயிடும். அத கண்ணால பாக்க சுலபம், கலர் வராது. சாயற சூரியன் வெளிச்சம் தலைக்கு மேல இருக்கறப்ப விட முப்பது மடங்குக்கு மேல காத்த தாண்டி வருது, நீலம் எல்லாம் வழில செதறி போய் செவப்பு மட்டும் நம்ம கிட்ட வந்து சேருது, நடுவுல தூசி அதிகமானா அந்த செவப்பும் அழுக்காயிடும். அதனால மழை பெஞ்சு விட்ட மறுநாள் தான் நாள். மதியம் மூணு மணிக்கு வெளிய வந்து மேக்க பாருங்க, மேல பஞ்சு மேகம் இருந்து, அடில விளிம்புல மட்டும் ஒரு முஷ்டி எடம் தெளிவா இருந்தா வேற வேலை இருந்தாலும் விட்டுட்டு கெளம்புங்க, அந்த இடுக்குல சூரியன் வரப்ப மேகம் அத்தனையும் அடில இருந்து பத்திக்கும். விளிம்பே கருப்பா அடைச்சுனு இருந்தா போகாதீங்க, ஆடி ஆவணில சாயங்காலம் அந்த பக்கத்துல இருந்து தான் இடி மழை வரும், அப்போ மலை மேல இருக்கவே கூடாது.

சூரியன் போனதும் எல்லாரும் எழுந்து பேண்ட தட்டினு போயிடறாங்க, அது தான் எனக்கு புரியறதே இல்ல. இன்னும் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க, கலர் அதுக்கு அப்புறம் தான் முத்தும். அதுவும் தெளிஞ்ச நாள்னா கெழக்க திரும்பி பாருங்க, மலைக்கு மேல நீலமா ஒரு பட்டை, அதுக்கு மேல ரோஸ் கலர்ல இன்னொரு பட்டை தெரியும். அந்த நீலம் மேகம் இல்ல, பூமியோட நெழலு.

உங்களுக்கு என் ப்ளான் இது. இன்னிக்கு மொட்ட மாடி, அம்மாவோட. லிஃப்ட் இல்லாத லாட்ஜா இருந்தா அவங்கள மாடி ஏத்தாதீங்க, ஆட்டோ புடிச்சு கோட்டை பூங்காவுக்கு போயிடுங்க, அஞ்சு மணிக்கே போயிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு நீங்க மட்டும் பாலம். மலைக்கு போகணும்னு தோணினா மாடில துணி காயப்போடற அந்த பெங்காலி பசங்க யாரையாவது துணைக்கு கேளுங்க, அவங்களும் உங்கள மாதிரி சாயங்காலம் எங்க போறதுன்னு தெரியாம தான் நடந்துனு இருப்பாங்க, கூட ஒரு லோக்கல் ஆளையும் சேத்துக்கங்க. அம்மாவுக்கு அடுத்த அப்பாயின்மெண்ட் காலைலன்னா முந்தின நாள் இரத்தினகிரி வேணாம், திரும்பி வர லேட் ஆகும், அவங்க தூங்கணும்.